பழைய மதர்போர்டில் புதிய புராசஸர்

கேள்வி: 2017-இல் வெளிவந்த பி350 மதர்போர்டில் ரைசன் 5 1600 புராசஸரைப் பயன்படுத்தி வருகிறேன். இதே போர்டில் ரைசன் 5 5600 புராசஸரைப் பொருத்த இயலுமா?

பதில்: பெரும்பாலும் இயலும். இரண்டுமே ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு (புராசஸரைப் பொருத்தும் இடம்) உரியவை. இரண்டும் 65 வாட் வகையைச் சேர்ந்தவை என்பதால் மின்சாரச் சுமை குறித்துக் கவலை இல்லை. ஆனால் சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்டெலின் ஏழாம், எட்டாம் தலைமுறைப் புராசஸர்கள் ஒரே எல்ஜிஏ 1151 சாக்கெட்டைக் கொண்டிருந்தும், பழைய போர்டுகள் புதியவற்றை ஏற்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், துல்லியமான மாடல் எண்ணுக்குரிய புராசஸர் பட்டியலைத் திறந்து, 5600-க்கு எந்த பயாஸ் (போர்டிலேயே இருக்கும், கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பதிப்பு தேவை எனப் பாருங்கள். பி350 போர்டுகள் பலவற்றுக்கு இந்த ஆதரவு 2022-இல்தான் கிடைத்தது. பழைய புராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திய பின் திரை இருண்டு கிடந்தால், பழையதை மீண்டும் மாட்டுவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியிராது. புதுப்பிக்கும்போது மின்தடை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புராசஸரைக் கழற்றும்போது, அதன் மேலுள்ள கூலரை (குளிர்விப்பானை) நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்துபோன வெப்பப் பசையுடன் புராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் ஊசிகள் வளைந்துவிடக்கூடும். கணினியைச் சற்று நேரம் இயக்கிச் சூடேற்றி, அணைத்த பின், கூலரை மெல்லத் திருகி எடுங்கள்.