‘நாளையிலிருந்து படிக்கிறேன்’ என்னும் மகனுக்குக் கூட உட்கார ஓர் ஆள்

அம்மா, பி.எஸ்சி. முடித்த மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருக்கிறார், புத்தகம் மேசையில், கை போனில், கேட்டால் ‘நாளையிலிருந்து’ என்கிறார் என்று வருந்தினீர்கள். அவர் போனில் என்ன பார்க்கிறார் என்பதை உங்கள் போனில் காட்டும் செயலியைப் போடலாமா என்றும் கேட்டீர்கள். போட வேண்டாம்.

வளர்ந்த பிள்ளை அதை இரண்டே நாளில் ஏமாற்றக் கற்றுக்கொள்வார். அதைவிடப் பெரிய காரணம், தள்ளிப்போடுவது பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வு. புத்தகத்தைத் திறந்ததும் பயம் வருகிறது, போனை எடுத்ததும் அது கொஞ்ச நேரம் அடங்குகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் டிமோதி பிச்சில் சொல்வதும் இதைத்தான்: நாம் வேலையை அல்ல, அந்த வேலை தரும் மனக்கலக்கத்தைத்தான் தள்ளிப்போடுகிறோம். அப்படிப்பட்டவரை வேவு பார்த்தால் பயம் கூடும், கை இன்னும் சீக்கிரம் போனுக்குப் போகும்.

அவருக்குத் தேவை, திட்டாமல் கூட இருக்கும் ஓர் ஆள். ஃபோக்கஸ்மேட் என்ற இணைய சேவை இதற்காகவே இருக்கிறது. முன்பதிவு செய்த நேரத்தில் எங்கோ இருக்கும் இன்னொருவருடன் வீடியோவில் இணைகிறோம். 25, 50 அல்லது 75 நிமிடம். தொடக்கத்தில் ‘இதை முடிக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம், முடிவில் முடிந்ததா இல்லையா என்று சொல்கிறோம். அவ்வளவுதான். ஆனால் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்பதே நம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. தொடங்குவதுதானே உங்கள் மகனுக்குச் சிரமம்!

முன்பின் தெரியாதவரிடம் ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருக்கும் என்றால், இதே தேர்வுக்குப் படிக்கும் நண்பர் ஒருவர் போதும். கூகுள் மீட்டில் இருவர் மட்டும் என்றால் ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் கிடையாது. கேமரா ஆனில், மைக் ஆஃபில். காலையில் 50 நிமிடம், மாலையில் 50 நிமிடம் என்று தொடங்கட்டும். எடுத்த எடுப்பில் எட்டு மணி நேரம் என்று அட்டவணை போடவே கூடாது.

நண்பரிடம் என்ன சொல்கிறார் என்பது மிக முக்கியம். ‘இன்னைக்கு பாலிட்டி படிக்கிறேன்’ என்றால் அது முடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இந்திய அரசியலமைப்புப் பாடம், பின்னால் உள்ள கேள்விகளோடு’ என்றால் சொல்ல முடியும். முதல் வாரங்களில் தமிழையே எடுக்கச் சொல்லுங்கள். 200 கேள்விகளில் 100 தமிழ், அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தெரிந்த பாடம் என்பதால் பயமும் குறையும்.

ஒய்பிடி என்ற கொரியச் செயலியையும் பிள்ளைகள் நிறைய பயன்படுத்துகிறார்கள். குழுவில் யார் எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று அது காட்டும். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. டைமர் ஓடிக்கொண்டே இருக்கும், மனம் எங்கோ இருக்கும். எத்தனை கேள்வி போட்டார் என்ற கணக்குதான் தேர்வறையில் உதவும். பணத்தைப் பணயம் வைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் தொடங்கிய ஸ்டிக்-கே தளத்தில், சொன்னதைச் செய்யாவிட்டால் நமக்குப் பிடிக்காத அமைப்புக்கே நம் பணம் போகும்படி ஒப்பந்தம் போடலாம். சம்பளம் வாங்குபவருக்குச் சரி. உங்கள் மகன் வைக்கப்போவது உங்கள் பணம், அதனால் வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘எவ்வளவு படிச்ச?’ என்ற கேள்வியை நண்பரிடமே விட்டுவிடுங்கள். ‘இன்னைக்கு எத்தனை மணிக்கு உட்காருற?’ என்று மட்டும் கேளுங்கள். அந்த 50 நிமிடத்தில் ரேஷன் கடை, சிலிண்டர், வந்த விருந்தாளி என்று எதற்கும் கூப்பிடாதீர்கள். அப்பாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மகனுக்குத் தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, யாரிடமும் பேசாமல் இருக்கிறார் என்றால் செயலி எதுவும் உதவாது. 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், மருத்துவரையும் பார்க்கலாம். அப்படி ஏதும் இல்லாமல், நண்பரோடு மூன்று வாரம் ஒழுங்காக உட்கார்ந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், இந்தத் தேர்வை எழுத அவருக்கு உண்மையில் விருப்பமா என்று கேட்க வேண்டிவரும். அந்தப் பேச்சுக்கு அவரைத் தனியாக என்னிடம் அனுப்புங்கள், அம்மா.