பற்று எழுதாத அரிசி மூட்டை

அன்புள்ள ஐயா,

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 38. வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். 60 வயதில் கடையைக் கைமாற்றிவிட்டு ஓய்ந்து உட்கார வேண்டும். வருடம் எவ்வளவு சேர்க்க வேண்டும்? பி.பி.எஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) நல்லதா, என்.பி.எஸ் (ஓய்வூதியத் திட்டம்) நல்லதா? திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டு மனையும் கிடக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடை வைத்திருப்பவர்களின் ஓய்வுக்காலக் கணக்கு எங்கே சறுக்குகிறது என்று சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது: 30,000.

முதலில் நீங்கள் கேட்டதற்குக் கணக்கு. விலைவாசி வருடம் 6% ஏறினால் 22 வருடத்தில் செலவு 3.6 மடங்காகும். மாதம் 1,08,000, வருடம் ஏறக்குறைய 13 லட்சம். 85 வயது வரை 25 வருடம். அப்போது வரும் வட்டி விலைவாசியை ஈடுகட்டும், மிஞ்சாது என்று வையுங்கள். 3.24 கோடி வேண்டும். சேமிப்பு 10% வளர்ந்து, போடுகிற பணத்தையும் ஆண்டுதோறும் 6% கூட்டினால், முதல் வருடம் 2.86 லட்சம். கூட்டாமல் ஒரே தொகை போடுவதென்றால் 4.54 லட்சம்.

ஆனால் அந்த 30,000 தப்பு. கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற 25 கிலோ அரிசி மூட்டையை எதில் எழுதினீர்கள்? துவரம்பருப்பு, எண்ணெய் டின், கல்லாவிலிருந்து எடுத்துப் போடுகிற பெட்ரோல், கடைக் கணக்கில் கட்டுகிற போன் பில்? கடையைக் கைமாற்றிய மறுநாளே இதெல்லாம் கைக்காசு. இத்தனை வருடம் வியாபாரம் செய்பவர், சரக்கில் ஒரு கிலோ குறைந்தால் தூங்க மாட்டீர்கள். சொந்தச் செலவை மட்டும் இப்படி விடலாமா? எழுதாதது மாதம் 10,000 என்றால் தேவை 4.32 கோடி, முதல் வருடச் சேமிப்பு 3.81 லட்சம். எழுதாமல் விட்டது முதல் வருடத்திலேயே 95,000 ரூபாய் வித்தியாசம் காட்டுகிறது.

இன்றே பேரேட்டில் உங்கள் பேரில் ஒரு பக்கம் திறந்து, வீட்டுக்கு எது போனாலும் விற்கிற விலையில் பற்று எழுதுங்கள், அதாவது நீங்கள் எடுத்துக்கொண்டதாகக் குறியுங்கள். கொள்முதல் விலையில் எழுதினால் அதுவும் குறைத்துக் காட்டும். பன்னிரண்டு மாதமும் எழுத வேண்டும். தீபாவளியும், சித்திரைத் திருவிழாவுக்கு வந்து தங்குகிற சொந்தக்காரர்களும் அதில் வர வேண்டும். ஓய்வுக்காலத்தில் இருக்காது என்பதால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கழியுங்கள். மருத்துவத்துக்குத் தனியே ஒரு தொகை சேர்த்துக்கொள்ளுங்கள்.

பி.பி.எஃபில் வருடத்துக்கு 1.5 லட்சம்தான் போட முடியும். ஏப்ரல் 5க்குள் போட்டால் அந்த மாத வட்டியும் கிடைக்கும். அது மட்டும் 10% தராது, ஆகவே மீதியை இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) போடுங்கள். என்.பி.எஸ் விவாதம் இப்போது வேண்டாம். மனையை விற்கிற வரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

பற்று எழுதும்போது வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு மூட்டை எத்தனை நாளைக்கு வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.