குளிர்ல வேர்த்தா கிறுக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 47, ஊரு கம்பம். 16 வருசமா விடியுமுன்னே ஜீப்பு ஏறி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போறேன். இப்ப தூரம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வருது, வந்தா பத்து நாள் நிக்கல. மலைக்குளிர்ல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க, எனக்கு மட்டும் மூஞ்சி காந்தி முதுகு வேர்த்து ஊத்துது. வீட்டுக்காரர் கிறுக்கு புடிச்சிருச்சாங்கிறார். வேலைய விட்டுரவா? மக விட்டுட்டுப் போன ஸ்கூட்டிய ஓட்டிப் பழக ஆசை, அதுக்கும் சிரிக்கிறாங்க.
- பேர் போடவேணாம்

பதில்: தங்கச்சி, கிறுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு 49ல ஃப்ரிட்ஜக் கதவத் தெறந்து தலைய உள்ள விட்டுக்கிட்டு கொத்தமல்லி தேடுற மாதிரி நிப்பேன், "இன்னுமா கெடைக்கல"ம்பாங்க மாமியார், கொத்தமல்லி என் கையிலதான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பள ஹார்மோன் ஏறி எறங்கி ஆட்டம் போடுற காலம் இது. அதுல மூளைல உடம்புச் சூட்டப் பாத்துக்குற எடம் லேசா சூடு ஏறுனாலே பதறி வேர்க்க வச்சிரும், அதான் உனக்கு மட்டும் காந்துது. நம்ம நாட்டுல நெறயப் பேருக்கு தூரம் 46, 47ல நின்னுரும், அதுக்கு முன்னாடி சில வருசம் இப்டிதான். தோட்டத்துச் சேச்சிமார் மலையாளத்துல ஆர்த்தவ விராமம்னு பேரு வச்சே சொல்லுவாங்க, நம்மாளுக "நின்னு போச்சு"ன்னு முணுமுணுத்துட்டு வெளக்குமாத்த எடுத்துட்டுப் போயிருவாங்க. 12 மாசம் சேந்தாப்ல வரலன்னாத்தான் நின்னுச்சுன்னு கணக்கு. அதுவரைக்கும் கரு தங்கலாம், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணலன்னா கவனமா இரு.

ஆனா அந்தப் பத்து நாள எனக்குப் புடிக்கல. "வயசானா அப்டித்தான்"னு யார் சொன்னாலும் கேக்காத. 7 நாளத் தாண்டுனாலோ, மணிக்கொரு பேட் நனைஞ்சாலோ, கட்டி கட்டியா போனாலோ காட்டியே ஆகணும். கர்ப்பப்பைல சதைக்கட்டி இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், அபூர்வமா கேன்சராவும் இருக்கும். ஒரு நாள் கூலி போனா போகுதுன்னு கம்பம் ஜி.ஹெச்சுக்குப் போயி ஹீமோகுளோபின் பாரு, 12க்குக் கீழன்னா ரத்தசோகை. மேல பாக்கணும்னா கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுப்பாங்க. நின்னு வருசம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் தள்ளிப்போடாம ஓடு. சூடு தாங்கலன்னா அதுக்கும் மாத்திரை இருக்கு, டாக்டர்ட்ட கேட்டுத்தான், மெடிக்கல் ஷாப்புல நீயா வாங்காத.

வேலைய விடுறத ரிப்போர்ட் வந்தப்புறம் பேசுவோம். ஏலக்கா தூர்லதான காய்க்குது, நாள் முழுக்கக் குனிஞ்சுட்டு நிமிந்தா ரத்தம் கம்மியான உடம்புக்குத் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும், அத வயசு மேல பழி போட்டுக் கூலிய விட்டுட்டா நாளைக்குப் பூ வாங்கக்கூட அவர்ட்ட கை நீட்டணும். அப்புறம், சோறு தின்ன கையோட கட்டன் சாயா குடிக்காத, சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்து சரியா ஒட்டாது.

ஸ்கூட்டி விசயத்துல எனக்கு ரெண்டு யோசன இல்ல. கீழ விழுவ, நானும் 51ல முட்டியப் பேத்துக்கிட்டேன். மொதல்ல எல்.எல்.ஆர் போடு, ஹெல்மெட் வாங்கு. ஞாயித்துக்கெழம ஆளில்லாத மைதானமாப் பாத்து எட்டு போட்டுப் பழகு, பின்னாடி புடிச்சுக்கிட்டு ஓடிவர வீட்டுக்காரரையே கூப்பிடு.