ரூட்டர் ஓட்டத் தெரிந்தால் போதாதா? - வாசகர் கேள்வி பதில்

நெட்வொர்க் பொறியியலில் முதுகலை படிப்பது பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை பக்கம் முழுக்க.

கேள்வி: மின்னணுவியலில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். தகவல்தொடர்பு நெட்வொர்க்கில் முதுகலை சேர ஆசை. இதே துறையில் வேலை பார்க்கும் அண்ணனோ, "ரூட்டர், ஸ்விட்ச் கான்ஃபிகர் பண்ணுவதற்கு ஒரு சான்றிதழ் கோர்ஸ் போதும், இதுக்குப் போய் இரண்டு வருஷமா?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் பார்க்கிற வேலைக்கு அண்ணன் சொல்வது சரி. உங்களுக்கும் அந்த வேலைதான் வேண்டும் என்றால் கோர்ஸை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள், முதுகலை வேண்டாம். ஆனால் முதுகலையில் கேட்கும் கேள்வியே வேறு. அந்த ரூட்டருக்குள் ஒரு பாக்கெட் (தகவலை உடைத்து அனுப்பும் சின்னத் துண்டு) எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும், ஏன் கிடக்கும், அதைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு.

ஒரு கணக்கு பாருங்கள். விநாடிக்கு 10 மெகாபிட் போகும் லைன், 1,500 பைட் பாக்கெட். ஒரு பாக்கெட்டை வெளியே தள்ள 1.2 மில்லிசெகண்ட் ஆகும். லைன் பாதி நிரம்பியிருந்தால், வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து சராசரியாக 2.4. சரி, 90 சதவீதம் நிரம்பினால்? 12. 99 சதவீதம் நிரம்பினால் 120. கடைசி ஒன்பது சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய் தாமதம் பத்து மடங்காகிவிடுகிறது! பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகின்றன, அளவும் கூடிக் குறைகிறது என்று வைத்துக்கொண்டு போடும் எளிய சூத்திரம் இது. நிஜம் இதைவிட முரட்டுத்தனமானது. "இன்னும் லைனில் இடம் இருக்கே, ஏன் ஸ்லோவா இருக்கு?" என்று மேலதிகாரி கேட்கும்போது லைன் நிரம்ப நிரம்பத் தாமதம் எகிறும் இந்த வளைகோடு மனதில் ஓடுகிறவரும் ஓடாதவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் இன்டர்நெட் காலத்துச் சரக்கும் இல்லை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை பேர் போன் பண்ணினால் எத்தனை லைன் வேண்டும் என்று 1909-லேயே எழுத ஆரம்பித்துவிட்டார். லைன் கிடைக்காமல் போவதற்கான அவருடைய 1917 சூத்திரத்தை இன்றைக்கும் பாடத்தில் நடத்துகிறார்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. தாக்குப்பிடிக்க முடியுமா சார்?

பதில்: கஷ்டம்தான், மறைப்பானேன். நிகழ்தகவு இல்லாமல் இந்தப் படிப்பில் ஒரு வாரம்கூட நகராது. ஆனால் "வராது" என்பது பெரும்பாலும் "சரியாகச் சொல்லித் தரவில்லை" என்பதாகத்தான் இருக்கும். லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்துக் காட்டிய விதி ஒன்று உண்டு: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது வருகிற வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. ஒரு ரூட்டருக்கு விநாடிக்கு 10,000 பாக்கெட் வருகிறது, எந்த நேரத்தில் பார்த்தாலும் உள்ளே சராசரியாக 200 நிற்கிறது என்றால் ஒவ்வொன்றும் தங்குவது எவ்வளவு? 20 மில்லிசெகண்ட். இது புரிந்ததா? அப்படியானால் சேருங்கள். சேருவதற்கு முன்னால் மூன்று மாதம் நிகழ்தகவை மட்டும் பிடித்து உலுக்குங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆய்வுத் தலைப்பாக "6ஜி நெட்வொர்க்கில் செயற்கை நுண்ணறிவு" என்று எடுக்க நினைக்கிறேன். எப்படி இருக்கிறது?

பதில்: தலைப்பு ஜோராக இருக்கிறது, கேள்வியைத்தான் காணோம். எந்த இடத்தில் எது சரியாக நடக்கவில்லை என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், வராது.

1986 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலையின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவில் சுமார் 400 கெஜம்தான். அந்தச் சின்ன தூரத்தில் விநாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. கிலோ இல்லை, வெறும் 40. நெரிசலில் பாக்கெட் தொலைகிறது, தொலைந்ததென்று எல்லா கம்ப்யூட்டரும் மறுபடி அனுப்புகின்றன, நெரிசல் இன்னும் கூடுகிறது. இப்படி அனுப்புவதையும் மறுபடி அனுப்புவதையும் கவனிக்கிற விதிமுறைக்குப் பெயர்தான் டிசிபி. அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதைப் பார்த்து, "டிசிபி ஏன் இப்படி நடந்துகொள்கிறது?" என்று தோண்டப் போய்த்தான் 1988-ல் நெரிசல் கட்டுப்பாடு பற்றிய அந்தக் கட்டுரை வந்தது. கண்ணில் பட்ட ஒரு கோளாறு, அதை அளந்து எடுத்த எண், அதிலிருந்து பிறந்த கேள்வி. தலைப்பு கடைசியில் தானாக அமையும்.

இன்னொன்று, என் சொந்த அசடு. முதுகலையில், பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஒரு புது முறையை சிமுலேட்டரில் (நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போலியாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஓட்டினேன், பழைய முறையைவிட 12 சதவீதம் தாமதம் குறைந்தது. துள்ளிக்கொண்டு போய் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "எத்தனை சீடில் ஓட்டினே?" என்றார். ஒன்றில்தான். ரேண்டம் எண்ணைத் தொடங்கி வைக்கும் அந்த சீடை மாற்றி மாற்றி இருபது தடவை ஓட்டு என்று அனுப்பிவிட்டார். இரண்டு ராத்திரி ஓடி முடித்தபோது சில தடவை என் முறை முன்னால், சில தடவை பழையது முன்னால், சராசரியில் வித்தியாசமே இல்லை. நாலு மாத வேலை போச்சு. கோபம் வந்தது, ஆனால் அன்றிலிருந்து பிழைக்கோடு (முடிவு எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று காட்டும் கோடு) இல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும் சரி.

கேள்வி: கோடிங் தெரிய வேண்டுமா?

பதில்: வேண்டும். பைத்தான் அன்றாடத்துக்கு, என்எஸ்-3 மாதிரி சிமுலேட்டருக்குள் கை வைப்பதானால் சி++. லினக்ஸ் டெர்மினலைப் பார்த்துப் பயந்தால் முதலில் அந்தப் பயம் போகட்டும்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: தரவரிசையைப் பார்ப்பதைவிட, உங்களுக்கு வழிகாட்டியாக வரக்கூடியவரின் பழைய மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளில் இரண்டைத் தேடிப் படியுங்கள். நிஜக் கருவிகளில் எதையாவது அளந்திருக்கிறார்களா, இல்லை எல்லாமே சிமுலேஷன்தானா என்று பாருங்கள். முடிந்தால் அந்த மாணவர்களிடமே பேசுங்கள். ஆசிரியர் மாதத்துக்கு எத்தனை தடவை உட்கார்ந்து பேசினார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஏற்கெனவே வேலையில் இருப்பவன். எங்களிடம் 1 கிகாபிட் லைன் இருக்கிறது. தொலைதூரத்து சர்வர் ஒன்றிலிருந்து கோப்பு இறக்கினால் மட்டும் 5 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 100 மில்லிசெகண்ட், பாக்கெட் இழப்பு இல்லை. லைன் கொடுத்தவர்கள் தங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். உங்கள் முதுகலைப் படிப்பு இதற்கு உதவுமா?

பதில்: குத்தல் புரிகிறது! உதவும். டிசிபியில், "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புதல் வருவதற்குள் எவ்வளவு அனுப்பிவைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதுதான் விண்டோ. பழைய டிசிபியில், பாக்கெட்டின் முன்பகுதியான ஹெட்டரில் அதற்கு ஒதுக்கியது 16 பிட், அதாவது அதிகபட்சம் 65,535 பைட். ஒப்புதல் வர 100 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் விநாடிக்குப் பத்து விண்டோதான் போகும். 65,535-ஐ எட்டால் பெருக்குங்கள், பத்தால் பெருக்குங்கள். 5.2 மெகாபிட். உங்கள் எண் அப்படியே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? உங்கள் லைனை நிரப்ப 12.5 மெகாபைட் விண்டோ தேவை.

இதைப் பெரிதாக்க 1992-லேயே விண்டோ ஸ்கேலிங் வந்துவிட்டது. ஆனால் இணைப்பு தொடங்கும்போது இரண்டு பக்கமும் தங்கள் முதல் பாக்கெட்டில் அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் அதை அணைத்து வைத்திருந்தாலோ, நடுவில் உள்ள ஃபயர்வால் அந்த ஆப்ஷனை உருவிவிட்டாலோ பழைய 65,535-தான். போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, டவுன்லோடு தொடங்குவதற்கு முன்பே பதிவை ஆரம்பியுங்கள். பாதியில் ஆரம்பித்தால் ஸ்கேலிங் எவ்வளவென்று அதற்கே தெரியாது. முதல் இரண்டு பாக்கெட்டுகளிலும் விண்டோ ஸ்கேல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் சர்வர் பக்கமும் ஒரு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள். அங்கே கிளம்பும்போது இருந்து இங்கே வரும்போது இல்லையென்றால் திருடன் நடுவில் இருக்கிறான். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் ஃபயர்வால் மீதுதான் சந்தேகப்படுகிறேன்.