கண்மாய்க்கரையில் சிக்கிய கார் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பை உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்த, டி.கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். நான் பஸ்ஸில் போய்ப் பழகிய வழி வேறு. அன்று மகன் ஓட்டினான், கைபேசி வழி சொன்னது. எட்டு நிமிஷம் மிச்சம் என்று ஒரு கண்மாய்க்கரை மேல் ஏற்றிவிட்டது. முந்தின நாள் நல்ல மழை. பாதிக் கரையில் சக்கரம் சேற்றில் இறங்கி, எதிரே வந்த டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். நல்ல நேரம் தப்பிவிட்டது. தாய்மாமன் முகம் இன்னும் சரியாகவில்லை.

"பழைய ரோடு மேப்பைக் கையில் வைத்திருந்தால் இப்படி ஆகுமா?" என்றேன். "உங்க மேப்ல அந்த ஊரே இல்லையேப்பா" என்றான். எடுத்துப் பார்த்தேன். இல்லைதான்.

இப்போது அடுத்த சிக்கல். கோடை லீவுக்குக் கொடைக்கானல் போய், அப்படியே மூணாறு போகத் திட்டம். என் மேப்பில் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நேராக ஒரு கோடு போகிறது. கைபேசியோ மலையை விட்டு இறங்கி, தேனி, போடி என்று சுற்றச் சொல்கிறது. யாரை நம்புவது?

அன்புடன்,
ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாய்மாமனைச் சமாதானப்படுத்தும் வழி எந்த மேப்பிலும் கிடையாது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி, வழக்கில் நீங்கள் இரண்டு பேருமே தவறான ஆளைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ஜிபிஎஸ் வழி சொல்வதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் அவை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்து, உங்கள் கைபேசி தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கோளுக்குக் கண்மாயும் தெரியாது, கல்லுப்பட்டியும் தெரியாது. உங்கள் கார் சேற்றில் நின்றபோது கைபேசியைப் பார்த்திருந்தால், நீலப் புள்ளி சரியாகக் கரை மேல்தான் நின்றிருக்கும். அது பொய் சொல்லவில்லை.

வழி சொன்னது வேறொரு மென்பொருள். தன்னிடம் இருக்கும் மேப்பில் உள்ள கோடுகளை எடுத்து, எது சீக்கிரம் என்று நிமிஷக் கணக்கு பார்ப்பது அதன் தொழில். அந்த மேப்பில் மாநில நெடுஞ்சாலையும் ஒரு கோடு, கண்மாய்க்கரையும் ஒரு கோடு. கரை நேராகப் போகிறது, குறுக்கே ஊர் இல்லை, வேகத்தடை இல்லை. எட்டு நிமிஷம் மிச்சம் என்று கணக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வானிலிருந்து எடுத்த படத்தில் கரை பளிச்சென்று சாலை மாதிரியே தெரியும். போதாக்குறைக்கு, தினமும் அதன் மேல் எக்ஸ்எல் வண்டியில் புல்லுக்கட்டோடு போகிறவரின் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. வண்டி போகிற தடம்தான் என்று அதுவும் சாட்சி சொல்லும். அது இரண்டு சக்கர வண்டி என்பதும், முந்தின நாள் மழை என்பதும், கரிசல் மண் நனைந்தால் என்ன செய்யும் என்பதும் கணக்கில் வராது.

ஆக, காகிதமா கருவியா என்று சண்டை போட்டுப் பயனில்லை. எந்த மேப், அதை யார் எப்போது பார்த்து வரைந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் ரோடு மேப் மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் அடக்குகிறது. அதில் உங்கள் குலதெய்வத்தின் ஊர் விட்டுப்போனதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. மகன் சொன்னது சரி. ஆனால் அவர் கேள்விப்பட்டிருக்காத இன்னொரு காகிதம் உண்டு.

இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டைச் சொல்கிறேன், நிலத்தின் அமைப்பை விவரமாகக் காட்டும் வரைபடத் தாள் அது. 1:50,000 அளவு, அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். 2017 முதல் அந்தத் துறையின் இணையதளத்திலேயே இந்தத் தாள்களை இலவசமாகப் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறையில் மதுரை 58 கே-யில் வரும், திருமங்கலமும் டி.கல்லுப்பட்டியும் 58 ஜி-யில். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே 78 பாகை தீர்க்கரேகை போவதால் தாள் அங்கே முடிந்துவிடுகிறது. நாம் போக வேண்டிய ஊர் எப்போதும் அடுத்த தாளில்தான் இருக்கும். காகித மேப் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த துக்கம் இது.

அந்தத் தாளில் கோடுகள் எல்லாம் ஒன்றல்ல. சாலை என்றால் சிவப்பில் இரட்டைக் கோடு. வண்டிப்பாதை என்றால் விட்டு விட்டுப் போகும் ஒற்றைக் கோடு. ஒற்றையடிப் பாதை வெறும் புள்ளிகள். கண்மாய்க்கரை கறுப்பில், பக்கவாட்டில் சின்னச் சின்னப் பற்களோடு வளைந்து கிடக்கும். வற்றாத நீர் நீலத்தில், காய்ந்து போகும் ஓடை கறுப்பில். திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் தாளை விரித்தால் இந்தப் பல் வைத்த வளைவுகள்தான் கண்ணில் நிறையும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு எந்தப் பக்கம் போகும், எந்த ஊர்ப் பாதை அதற்குக் குறுக்கே விழும் என்று விரலாலேயே தொட்டுப் பார்த்துவிடலாம். ஐப்பசியில் அந்தப் பாதை வேண்டாம் என்பதற்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைபேசித் திரையில் இதைப் பார்க்க முடியாது. பெரிதாக்கினால் உங்கள் கார் மட்டும் தெரியும், சிறிதாக்கினால் கண்மாய் காணாமல் போய்விடும்.

இப்படிப் பிரித்து வரைய முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் அங்கே நின்று பார்த்திருக்கிறார் என்பதுதான். ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் முதல் அளவுக்கோட்டைப் போட்டுத் தொடங்கிய வேலை அது. கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை தேசத்தின் முதுகெலும்பாக அவர்கள் அளந்த கோடு, ஏறக்குறைய இந்த 78 பாகையை ஒட்டித்தான் போகிறது. உங்கள் திருநகருக்கு மிக அருகில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனைமரங்கள் மறைக்கும் சமவெளியில் தூரத்தைப் பார்க்க வழியில்லாமல் கோயில் கோபுரங்கள் மேல் ஏறி அளந்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, மேலே தூக்கும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. லாம்டன் உட்கார்ந்து அதை நிமிர்த்திச் சரிசெய்து, மறுபடி வேலையைத் தொடர்ந்தார்.

டோப்போ ஷீட்டைக் கும்பிட்டுக்கொண்டே வண்டி ஓட்டச் சொல்லவில்லை. அதன் வயதுதான் அதன் நோய். நான்குவழிச் சாலைகளும் சுற்றுச்சாலையும் வருவதற்கு முன்னால் வரைந்த தாள்கள் இன்னும் புழங்குகின்றன. 2010-இல் தேசிய நெடுஞ்சாலை எண்களையே மாற்றிவிட்டார்கள். உங்கள் மேப்பில் மதுரை வழியே போகிற 7-ஆம் எண் சாலை இப்போது 44. இன்னொன்று, பழைய தாள்கள், லாம்டனுக்குப் பின் அந்த வேலையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் 1830-ஆம் வருஷத்துப் பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை. கைபேசி சொல்லும் அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே அதில் குறித்தால் புள்ளி நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். கோயில் எந்த ஊரில் என்று கண்டுபிடிக்க அது போதும், எந்தச் சந்தில் என்று கேட்கக் கூடாது.

கைபேசி மேப்புக்கும் காலம் தப்பும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கம் ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் நடந்தது நினைவிருக்கும். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. கைபேசி காட்டிய வழியில் அதன் மேல் ஏறிய கார் கீழே விழுந்து 3 பேர் இறந்தார்கள். அங்கேயும் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்திருக்கும். பாலம்தான் இல்லை.

சரி, ஜிபிஎஸ் மேல் குற்றமே இல்லையா என்றால், சில இடங்களில் உண்டு. நத்தம் சாலையில் 2023-இல் திறந்த ஏழு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பறக்கும் பாலம் நம் ஊரிலேயே நல்ல உதாரணம். ஜிபிஎஸ் கிழக்கு மேற்கைச் சொல்கிற அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்லாது. தல்லாகுளத்திலிருந்து கிளம்பிப் பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். அது உங்களை மேலே ஏற்றிவைத்து, திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போ என்று சொல்லும். தலைக்கு மேல் கான்கிரீட் வேறு, கோள்களில் பாதியை மறைத்துவிடும். மாசி வீதிகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய சந்துகளிலும் இதே கதை. சிக்னல் சுவரில் மோதிச் சுற்றி வருவதால் புள்ளி இந்தச் சந்துக்கும் அடுத்த சந்துக்கும் தாவும். இதற்கே இப்படிச் சலித்துக்கொள்கிறோம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பும். ஆவணி மூல வீதியில் நிற்கிறவரைச் சித்திரை வீதிக்குத் தள்ளிவிட அது போதும்.

"மலையில டவர் இல்ல, ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று எல்லாரும் சொல்கிறார்கள். உங்கள் மகனும் சொல்லக்கூடும். டவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோள் சிக்னல் டவர் இல்லாமலே வரும். வராதது மேப்பும் போக்குவரத்து நெரிசல் தகவலும்தான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டு வைஃபையில் தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால், மலை மேலும் புள்ளி நகரும்.

இன்னும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். திரையில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைக்கட்டும். கார் திரும்பும்போதெல்லாம் மேப்பும் திரும்பினால் ஓட்டுகிறவருக்குச் சுகம், ஆனால் திசை மறந்துபோகும். கல்லுப்பட்டிப் பக்கம் டீக்கடையில் வழி கேட்டால், "ஊருணிக்குத் தெக்க போயி, ஆலமரத்துல மேக்க திரும்புங்க" என்றுதான் பதில் வரும். இடது வலது யாரும் சொல்ல மாட்டார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு அந்த டீக்கடைக்காரரை நான் கைபேசிக்கு மேலாக நம்புவேன். கரையில் நேற்று என்ன வண்டி சிக்கியது என்று அவருக்குத் தெரியும். அவரிடம் "இந்த ஊருக்கு எப்படிப் போறது?" என்று கேட்காமல், "இந்தக் கார் போகுமா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குறுக்குவழி சொல்வார், இரண்டாவதற்கு எட்டிப் பார்த்து சக்கரத்தின் உயரத்தைக் கவனிப்பார்.

இனி மூணாறு. இதில் மகன் பக்கம்தான் தீர்ப்பு, சந்தேகமே வேண்டாம். உங்கள் மேப்பில் தெரியும் கோடு ஒருகாலத்தில் நிஜமாகவே இருந்த சாலை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் வந்தால் தப்பித்துப் போக என்று சீர்செய்தது. எஸ்கேப் ரோடு என்றே அதைச் சொல்வார்கள். 1990 வாக்கில் மூடிவிட்டார்கள். பல மேப்புகள் அதை அழிக்காமல் அப்படியே திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் கேரளத்தில் இப்போது பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா.

எனவே வந்த வழியே இறங்குங்கள். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு ஒரு குறுக்குச் சாலை உண்டு. தூரம் குறைவு என்று கைபேசி அதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒடுக்கமான சாலை, மழை பெய்தால் மண் சரியும். காட்ரோடு வரை இறங்கி, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி என்று போங்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், பேத்திக்கு வாந்தி வரலாம், ஒரு பையை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய சாலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கொடைக்கானலில் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேரிஜம் ஏரி வரை போய் வரலாம். அதற்கு அப்பால் வண்டி விடமாட்டார்கள்.