முதியோர் ஐக்கியத்தில் கிறிஸ்துமஸ்

கேள்வி: எங்கள் சபை முதியோர் ஐக்கியத்தில் 30 பேர். போன வருடம் மாலையில் விழா வைத்தோம். பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் பாடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மாலை வேண்டாம். டிசம்பர் பனியில், இருட்டில், துணையில்லாமல் எப்படி வருவார்கள்? காலை 10.30க்குத் தொடங்கி 12.15க்கு இலை போட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஆகவே பிரசங்கம் 15 நிமிடம் போதும்.

பாடாததற்குக் காரணம் பெரும்பாலும் சுருதிதான். வாலிபர் பாடும் சுருதி எழுபது வயதுக் குரலுக்கு எட்டாது. மேல் ஸ்தாயி வந்ததும் வாய் மூடிவிடும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி இரண்டு மூன்று படி இறக்குங்கள். தாளத்தையும் கொஞ்சம் நிதானமாக்குங்கள், மூச்சு வாங்க இடம் வேண்டும். பாட்டுத்தாள் 20 பாயிண்ட் எழுத்தில் இருக்கட்டும். பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது.

வேத வாசிப்பை, மேய்ப்பர்கள் வந்து குழந்தை இயேசுவைப் பார்த்த பகுதியோடு நிறுத்தாதீர்கள். லூக்கா 2:25-38 வாசியுங்கள். மரணத்துக்கு முன் மேசியாவைக் காணக் காத்திருந்த சிமியோன், பாலகன் இயேசுவைக் கைகளில் ஏந்துகிறார். அன்னாள் 84 வயது விதவை. இது முதியோருக்கே உரிய பகுதி, அவர்களில் ஒருவரே வாசிக்கட்டும்.

மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு கொடுங்கள். நடுங்கும் கையும் சேலை முந்தானையும் தீக்குப் பக்கத்தில் ஆகாது.

படுக்கையில் இருப்பவர்களை அன்று பிற்பகலே நாலு பேராகப் போய்ப் பாருங்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு துண்டு கேக். நற்கருணை கேட்பவர்கள் பெயரை ஆயரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.