வட்டவாளின் மறைப்பைக் கழற்றுகிறவர்கள்: கோண்டாவில் நண்பருக்கு

உங்கள் தளபாடப் பட்டறையில் வேலையாட்கள் வட்டவாளின் பல்லை மூடும் மறைப்பைக் கழற்றிவைக்கிறார்கள், கையுறை போடுவதில்லை, தண்டம் அறவிட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

கையுறையை முதலில் விடுங்கள். அதில் அவர்கள் செய்வதுதான் சரி. சுழலும் பல்லில் துணி மாட்டினால் கையையும் சேர்த்தே இழுத்துவிடும்.

மறைப்பை ஏன் கழற்றுகிறார்கள் என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். கோடு தெரியவில்லை, தூள் அடைக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். தூள் உறிஞ்சும் குழாயும் வாளுக்கு மேலே நல்ல விளக்கும் இருந்தால் பாதிச் சாட்டு போய்விடும். மரத்தை வாளுக்குள் தள்ளிக்கொடுக்கும் தள்ளுகோலைச் சுவரில் மாட்டாமல் வாள் மேசையிலேயே கைக்கெட்டக் கொழுவுங்கள். நாலு எட்டு நடக்க வேண்டுமென்றால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பெரிய காரணம் கூலி. கதவு ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு நிதானமாக அறு என்றால் எந்த வயிறு கேட்கும்? துப்புரவாக்கும் நேரத்துக்கும் சம்பளம் வேண்டும். அவசர வேலை வந்தால் முதலாளியே மறைப்பில்லாமல் அறுக்கிறார் என்றும் சொல்கிறீர்கள். புதிதாக வந்தவன் பாதுகாப்புச் சுவரொட்டியையா பார்ப்பான், முதலாளியையா? இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்பது இலங்கையின் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.

தண்டத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பயந்து விரல் கீறினாலும் உங்களிடம் மறைப்பார்கள். மறைப்பு பூட்டியிருக்கும் விதத்தைப் படமெடுத்துப் போட்டால் மேலும் சொல்கிறேன்.